பென்ஷன் வந்த பிறகு ஒரு பரீட்சை

1980களில் எங்கள் திருச்சானூரில் மிலிட்டரியிலிருந்து பென்ஷன் வந்தவருக்கு ஊர் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்து வைத்திருந்தது. வாசலில் நிற்பது. பாங்க் வாசல், லாட்ஜ் வாசல், தியேட்டர் வாசல், கல்யாண மண்டபத்து வாசல். என் பெரியப்பா டாங்கிப் படையில் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பென்ஷன் வந்ததும் திருப்பதியில் ஒரு பாங்கில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். மாதச் சம்பளம், கூடவே பென்ஷன், ஊரில் மரியாதை எல்லாம் இருந்தன. ஆனால் பாங்க் மேனேஜரின் ஜீப் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூட்டிவர ரேணிகுண்டா ரோட்டுக்கு ஆள் ஓடும். வாசலில் இருந்த பெரியப்பாவைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. அவரும் எழுந்து போய், நான் பார்க்கிறேன் என்று சொன்னதில்லை. சொல்வதற்கு அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை.

அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் 1983இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தேன். ஜபல்பூர் டிரெய்னிங் சென்டரில் முதல் வருடம் முழுக்க மோர்ஸ். காதில் ஹெட்போன், விரலடியில் கீ, தூக்கத்திலும் அதே சத்தம். அதற்கப்புறம் லைன் போடும் பயிற்சி. முதுகில் கேபிள் உருளையைச் சுமந்துகொண்டு ஓடவேண்டும். ஓட ஓட கேபிள் பின்னால் விழுந்துகொண்டே வரும். அறுந்த இடத்தை இருட்டில், மழையில், விரலால் தடவியே கண்டுபிடிக்கவேண்டும். தோலைச் சீவி, இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டு, கம்பியை முறுக்கி, டேப் சுற்றி நீட்டினால் பயிற்சி தரும் உஸ்தாத் வாங்கி இரு கையாலும் பலமாக இழுப்பார். கழன்று வந்தால் 'ஃபிர் ஸே' என்று ஒரே வார்த்தை. மறுபடியும் முதலிலிருந்து. அந்த இணைப்பின் மறுமுனையில் யாரோ ஒருவர் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பதை அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதம் அது. இன்றுவரை என் கை அதை மறக்கவில்லை.

படையில் பரீட்சை எழுதாமல் ஒரு பட்டைகூடத் தோளில் ஏறாது. ரோமன் ஹிந்திப் பரீட்சை, மேப் ரீடிங் பரீட்சை, ஆர்மி எஜுகேஷன் சர்டிஃபிகேட், டிரேடில் கிளாஸ் ஏறுவதற்கான சோதனை. அம்மா நைனாவோடு வயலில் நின்ற பையன்கள், தமிழும் தெலுங்கும் தவிர வேறு தெரியாதவர்கள், இத்தனையையும் எழுதித் தேறினார்கள். தேறாதவன் அடுத்த முறை எழுதுவான். எவனிடமும் யாரும் பரீட்சைக் கட்டணம் கேட்டதில்லை. கற்பதும் சோதிக்கப்படுவதும் வேலையின் ஒரு பகுதி, அதற்கான செலவு அரசாங்கத்துடையது என்று நாங்கள் கேள்வி கேட்காமல் நம்பியிருந்தோம்.

பிறகு காலம் மாறியது. மோர்ஸ் கீ போய் டெலிபிரின்டர், அது போய் ஏரன், 90களில் ஆஸ்கான் என்று ராணுவத்தின் தொலைத்தொடர்பு வலைப்பின்னல்கள் வந்தன. மலை உச்சிகளில் இருந்த எக்ஸ்சேஞ்சுகளை ஒன்றோடொன்று இணைத்த அந்த வலைப்பின்னல்களில் நான் வேலை பார்த்தேன். ஒரு பாதை விழுந்தால் அழைப்பு எப்படி வேறு பாதையில் சுற்றி வரும் என்பதைப் பாடமாகப் படிக்கவில்லை. நடு ராத்திரியில் பாதை விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதைத்தான் வெளியுலகம் ரவுட்டிங் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறது என்று அப்போது தெரியாது.

2007இல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தேன். வயது 43. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு மருந்து, பாதி கட்டிய வீடு. டிஸ்சார்ஜ் புக்கில் என் டிரேடு இருந்தது, நடத்தை 'எக்ஸம்ப்ளரி' என்று இருந்தது, வாங்கிய மெடல்கள் இருந்தன. பத்தாவது படித்து 15 வருடம் சர்வீஸ் போட்ட முன்னாள் ராணுவத்தினரை, அவர்களுக்கென்று ஒதுக்கிய குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரியாகவே கருதலாம் என்று மத்திய அரசின் உத்தரவு இருக்கிறது. நல்ல உத்தரவு. அது செல்லுபடியாவது அரசாங்கக் கதவுகளில் மட்டும். தனியார் கம்பெனியின் ஆட்சேர்ப்பு மேஜையில் இருந்த சின்னப் பையன் டிஸ்சார்ஜ் புக்கை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்கிறோம் சார், ஷிப்ட்டு பன்னெண்டு மணி நேரம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆஸ்கான் என்றால் என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் அதைச் சோதித்துப் பார்க்க அவனிடம் அளவுகோல் ஏது?

முன்னாள் ராணுவத்தினருக்கான மாவட்டப் பதிவுக்காகச் சித்தூருக்கு பஸ் ஏறிப் போனோம். அப்போது திருப்பதி தனி மாவட்டம் ஆகவில்லை. அது 2022 ஏப்ரலில்தான். என் கூடப் பதிவு செய்தவர்களில் விமானப் படையில் ரேடார் பார்த்தவர் இருந்தார், இ.எம்.இ.யில் டாங்கியின் மின்னணுப் பாகங்களைப் பழுதுபார்த்தவர் இருந்தார், குடியாத்தத்துக்காரர் ஒருவர் என் டிரேடே. கம்பெனிகளிடமிருந்து எங்கள் எல்லோருக்கும் வந்த கடிதங்களில் ஒரே வேலைதான் இருந்தது. பெரியப்பாவின் வேலை.

படையை விட்டு வருகிறவர்களுக்குத் தொழில் கற்றுத்தர அரசாங்கத்திடம் ஒரு ஏற்பாடு உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டி.ஜி.ஆர். எனப்படும் டைரக்டரேட் ஜெனரல் ரீசெட்டில்மென்ட் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஜே.சி.ஓ.க்களுக்கும் ஜவான்களுக்கும் பயிற்சிக் கட்டணம் முழுவதும் அரசின் செலவு. அதிகாரிகளுக்கு 60 சதவீதம் அரசு, மீதி அவர்கள் கைப்பணம். அதிகாரிகளுக்கான 24 வார மேலாண்மைப் படிப்புகள் ஐ.ஐ.எம்.களிலேயே நடக்கின்றன. ஒவ்வொரு வருடமும் 60 ஆயிரம் பேர் அளவில் படையை விட்டு வெளியேறும் நாட்டில் இது சின்னக் காரியம் இல்லை. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்தது ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க்கிங் கோர்ஸ். ஒரு நகரத்துத் தனியார் நிலையம். மாடியில் ஒரு ஹால். எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ரவுட்டர் இருந்தது. அதைத் தொட வரிசையில் நிற்கவேண்டும். சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் மூத்த பெண்ணைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நல்ல பையன், உண்மையாக உழைத்தான். கேபிள் முனையில் பிளக் போடும் பாடம் வந்த அன்று, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று போர்டில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் குடியாத்தத்துக்காரர் எட்டு இழைகளையும் வரிசைப்படுத்தி, நுனியை நேராக வெட்டி, கிரிம்ப் பண்ணி, இரு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உஸ்தாத் இழுத்த அதே இழுப்பு. பையன் அவரிடம் "அன்னா, ஏற்கெனவே இந்த வேலையில் இருந்தீங்களா?" என்று கேட்டான். "இருபத்து நாலு வருஷம்" என்றார் அவர்.

கோர்ஸ் முடிந்தது. நிலையம் தன் பெயர் பொறித்த சான்றிதழைக் கொடுத்தது. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை தேடிப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. "சி.சி.என்.ஏ. இருக்கா?" என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். 1998இலிருந்து சிஸ்கோ கம்பெனி நடத்திவரும் தேர்வு அது. எங்களுக்கு அந்தப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் தேர்வு வேறு, வகுப்பு வேறு. தேர்வு வேறொரு நிறுவனத்தின் மையத்தில், டாலரில் விலை வைத்து நடப்பது. வகுப்புக்கு அரசு பணம் கட்டியிருந்தது. தேர்வுக்கு நாங்கள்தான் கட்டவேண்டும். என் ஒரு மாதப் பென்ஷன் அதற்கே போதவில்லை.

பென்ஷன் கம்யூட் செய்த பணத்தில் வீட்டுக்குக் கூரை போட வைத்திருந்ததிலிருந்து எடுத்தேன். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொத்தனாரிடம் போய் ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு வந்தாள். சென்னை மையத்தில் கடிகாரத்தையும் பர்ஸையும் லாக்கரில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். லேமினேட் செய்த ஒரு தாளும் ஒரு மார்க்கர் பேனாவும் கொடுத்தார்கள், கணக்குப் போட. சப்நெட் கணக்கு வந்தது. ஒரு பெரிய முகவரித் தொகுதியை இத்தனை கணினிகளுக்கு இத்தனை பிரிவாகப் பிரி, ஒவ்வொன்றின் முதல் முகவரி என்ன, கடைசி முகவரி என்ன. மேப் ரீடிங்கில் கட்டங்களைப் பிரித்து இடத்தைக் குறிப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது. மெதுவாக, தவறாமல் போட்டேன். முடித்ததும் திரையிலேயே முடிவு வந்தது. பாஸ்.

குடியாத்தத்துக்காரர் அதே வாரம் எழுதினார். எங்கள் வகுப்பில் கைத்திறன் அதிகம் உள்ளவர் அவர்தான். ஆங்கிலத்தில் நீளமான கேள்விகளைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. கொஞ்ச மதிப்பெண்ணில் தவறினார். ஜபல்பூராக இருந்திருந்தால் உஸ்தாத் 'ஃபிர் ஸே' என்றிருப்பார், அவர் மறுமுறை எழுதியிருப்பார். இங்கே மறுமுறைக்கு மறுபடியும் முழுப் பணம். இரண்டு பெண்களின் கல்யாணத்தை எதிரே வைத்துக்கொண்டிருந்த மனிதர் அதைக் கட்டவில்லை. ஊருக்குப் போய் ஒரு தொழிற்சாலை வாசலில் சேர்ந்தார். நான் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக அதன் முழுப் பொறுப்புக்கும் வந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு தேர்வுக் கட்டணம். அறிவு இல்லை, உழைப்பு இல்லை, ஒழுக்கம் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, இன்றும்.

என் தங்கை மகன் வர்ஜீனியாவில் வேலை பார்க்கிறான். அவன் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். அவரைப் பற்றி அவன் போனில் சொன்ன பிறகுதான் அந்த நாட்டு ஏற்பாட்டைத் தேடிப் படித்தேன். ஜி.ஐ. பில் என்று அதற்குப் பெயர். 1944 ஜூன் 22 அன்று, இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். போரிலிருந்து திரும்பியவர்கள் கல்லூரியிலும் தொழிற்பயிற்சியிலும் சேர அரசு பணம் கொடுத்தது. காலப்போக்கில் கல்லூரி மட்டும் போதாது, தொழில் உரிமத் தேர்வுகளும் வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது. 2000இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001 மார்ச் முதல் தேதியிலிருந்து உரிமத் தேர்வு, சான்றிதழ்த் தேர்வு ஒவ்வொன்றுக்கும் 2,000 டாலர் வரை அரசு திருப்பித் தருகிறது. தேர்வில் தவறினாலும் தருகிறது. மறுபடி எழுதினாலும் தருகிறது. எந்தத் தேர்வு என்று முன்னாள் வீரரே, அங்கீகரித்த பட்டியலிலிருந்து, தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

அங்கேயும் எல்லாம் ஒரே நாளில் சரியாக அமைந்துவிடவில்லை. 2009இல் வந்த புதிய ஜி.ஐ. பில்லில் சின்னக் கட்டணத் தேர்வு ஒன்றை எழுதினாலும் உரிமையிலிருந்து ஒரு முழு மாதத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். 2017இல் மறுபடி சட்டம் கொண்டுவந்து, கட்டிய கட்டணத்துக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் கழிப்பது என்று மாற்றினார்கள். 2018 ஆகஸ்டிலிருந்து அது நடைமுறை. இன்னொன்றும் உண்டு. கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் படைவீரர் செக்யூரிட்டி பிளஸ் போன்ற வெளிச் சான்றிதழை வாங்கியே ஆகவேண்டும் என்று 2005இல் அவர்களுடைய பாதுகாப்புத் துறை விதி வகுத்தது. அதனால் அங்கே அந்த வேலையில் இருந்து வெளியே வருகிறவன் உலகம் படிக்கக்கூடிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறான்.

நம் மறுவாழ்வு ஏற்பாட்டில், வீரரின் கையில் தேர்வுக் கட்டணத்தைக் கொடுத்து 'நீயே தேர்ந்தெடுத்து எழுது' என்று சொல்லும் பகுதியை நான் பார்த்ததில்லை. பணம் நிலையத்துக்குப் போகிறது. வகுப்பு நடக்கிறது. வகுப்புக்கு அப்புறம் இருக்கும் அந்தக் கடைசி அடியை அவனவன் பென்ஷனில் தாண்டவேண்டியிருக்கிறது.

நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். 2009இல் ராணுவமும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஞானதீப் திட்டத்தைத் தொடங்கின. படைக்குள் கற்றதைச் சான்றிதழாக, டிப்ளமோவாக மாற்றிக்கொள்ள அது வழி செய்தது. 2015இல் மறுவாழ்வுப் பயிற்சிகளைத் தேசியத் திறன் தரத்தோடு இணைக்க ஒப்பந்தம் போட்டார்கள். நான் பென்ஷன் வந்த காலத்துக்கு இதெல்லாம் பெரிய முன்னேற்றம்.

எங்கள் வீடுகளில் உண்மையில் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது 2006-07இல் தொடங்கிய பிரதமர் கல்வி உதவித்தொகை. முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு கொடுப்பது. வருடத்துக்கு 5,500 பேர், பாதிக்குப் பாதி பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கியிருக்கவேண்டும். 2019இல் தொகையை உயர்த்தி ஆண்களுக்கு மாதம் 2,500 ரூபாய், பெண்களுக்கு 3,000 ரூபாய் ஆக்கினார்கள். ரேடார் பார்த்த நண்பரின் மகள் அந்தப் பணத்தில் பி.டெக். படித்தாள். இன்று அவள் கிளவுட் வேலையில் இருக்கிறாள். அவள் அப்பா இன்னும் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் நைட் டியூட்டி பார்க்கிறார். அப்பாவின் இருபது வருட சேவைக்காக மகளின் படிப்புக்கு அரசு பணம் கொடுத்தது. அந்த அப்பா எழுத விரும்பிய ஒரே ஒரு தேர்வுக்கு வழி இல்லை. மகளுக்குக் கொடுத்ததில் ஒரு பைசாகூடக் குறையக் கூடாது. அப்பாவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணே இதற்கு ஒரு வழி செய்தாள். போன வருடம் லீவில் வந்தபோது "நைனா, நீங்களும் எழுதுங்க, ஃபீஸ் நான் கட்டறேன்" என்று சொல்லி, ராத்திரி டியூட்டிக்குப் போகும்முன் தினமும் அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். நான் போயிருந்த ஒரு சாயங்காலம் அவர் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, லோட் பேலன்சர் என்றால் என்ன என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்ததும், வானத்தில் பல இலக்குகள் ஒரே சமயத்தில் வந்தால் ரேடார் அறையில் ஆட்களுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று அவர் சொன்னார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இப்போது வேலை நம் ஊரிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதத்துக்குப் பெரிய பலம். அன்று திருச்சானூர் லாட்ஜில் ஒரு போன், அதுவும் மேஜையில் பூட்டுப் போட்டு இருக்கும். இன்று எந்த லாட்ஜை எடுத்தாலும் மாடிக்கு மாடி வைஃபை, கேமரா, ஆன்லைன் புக்கிங். திருமலையில் 300 ரூபாய் தரிசன டிக்கெட் இணையத்தில்தான் கிடைக்கிறது. கார்த்திகை பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரத்தைச் சுற்றி நிற்கும் ஜனத்தைக் கேமராவில் பார்த்துத்தான் வழிவிடுகிறார்கள். 2015இல் ஐ.ஐ.டி. வந்தது; ரேணிகுண்டா பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வந்தன. இத்தனைக்கும் பின்னால் கேபிள் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது, நடு ராத்திரியில் விழுந்தால் எழுந்து வந்து பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. ராத்திரி எழுந்து வருவதை இருபது வருடம் வேலையாகச் செய்தவன் அதே கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறான்.

கட்டணம் குறையவும் இல்லை. சி.சி.என்.ஏ. இன்று 300 டாலர். வரியோடு 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர். இரண்டுமே மூன்று வருடம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். தேர்வுகளும் நிலையாக நிற்பதில்லை. மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.இ.யை நம்பி எங்கள் காலத்தில் எத்தனை பேர் படித்தார்கள்! 2021 ஜனவரியோடு அதை மூடிவிட்டார்கள். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட கோர்ஸை மேலிருந்து தேர்ந்தெடுத்து வகுப்பு நடத்துவதைவிட, தேர்வுப் பணத்தை எழுதுகிறவன் கையில் கொடுப்பது நல்லது என்கிறேன். சந்தை எதைக் கேட்கிறது என்பது வேலை தேடித் தெருவில் நடக்கிறவனுக்கு முதலில் தெரியும்.

நாங்கள் சில பேர் சேர்ந்து சின்னதாக ஒரு நிதி வைத்திருக்கிறோம். பென்ஷன் வரும் தேதியில் ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம். பென்ஷன் வருகிறவர் யாராவது தேர்வு எழுத விரும்பினால் கட்டணத்தை அதிலிருந்து கட்டுகிறோம். வேலை கிடைத்த பின் தவணையில் திருப்பித் தந்தால் போதும். தவறினால் இரண்டாவது முறைக்கும் கட்டுகிறோம். அந்த இரண்டாவது முறைக்காகத்தான் நிதியையே ஆரம்பித்தோம். குடியாத்தத்துக்காரரும் மாதாமாதம் அனுப்புகிறார். அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது.

அடுத்து வரப்போகிறவர்களை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருடம்தான் சேவை. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைப் படையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியும் ஒரு திறன் சான்றிதழும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். படைப் பயிற்சியைப் பாதி மதிப்பீடாக எடுத்துக்கொள்ளும் பட்டப்படிப்பை இக்னோ அவர்களுக்காக வைத்திருக்கிறது. எனக்குப் பின்னால் பென்ஷன் நின்றது. ஒரு மாதத்தை விழுங்கிய தேர்வுக் கட்டணத்தை அடுத்த மாதம் சமாளிக்க முடிந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வெளியே வரும் இந்தப் பையன்களுக்கு அது இல்லை.

என் மனைவியின் அண்ணன் மகன் அக்னிவீரன், சிக்னல்ஸ்தான். போன முறை லீவில் வந்தபோது "மாமா, வெளியே வந்ததும் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான். வெளியே வரும்வரை காத்திருக்காதே என்றேன். யூனிட்டில் என்னென்ன கருவிகளில் வேலை பார்க்கிறாயோ அதன் பொது அறிவை இப்போதே படி. சி.சி.என்.ஏ. பாடம் முழுக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாக்கெட் டிரேசர் என்று சிஸ்கோவே தருகிற மென்பொருளில் ரவுட்டர் இல்லாமலே பழகலாம், வரிசையில் நிற்கவேண்டாம். ஆங்கிலக் கேள்விகளை வேகமாகப் படிக்கத் தினமும் பழகு. சேவா நிதி வந்ததும் வீட்டில் கொடுப்பதற்கு முன் இரண்டு தேர்வுக் கட்டணத்தைத் தனியாக எடுத்து வை. ஒன்று முதல் முறைக்கு, ஒன்று தவறினால். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா, "ரெண்டு எதுக்கு அண்ணா, இவன் ஒரே தடவையில பாஸ் பண்ணுவான்" என்றாள். இருக்கட்டும் அம்மா, இரண்டாவது பணம் கையில் இருந்தால்தான் முதல் தேர்வைப் பயமில்லாமல் எழுதுவான் என்றேன். பையன் போனை எடுத்து ஜபல்பூர் நண்பர்கள் இரண்டு பேருக்கு அப்போதே செய்தி அனுப்பினான்.